ஆனியில் நிதானம்: இளையோர் கிராஸ் கன்ட்ரி அணியின் முதல் நான்கு மாதப் பயிற்சியும் பயணமும்

கடலூர் மாவட்டத்தின் அண்ணாகிராமம் ஒன்றியத்தில் ஒரு கிராஸ் கன்ட்ரி அணியைத் தொடங்க நினைக்கும் உடற்கல்வி ஆசிரியர் முதலில் காலண்டரை மேசைமேல் விரித்துக்கொள்ள வேண்டும். ஜூனில் பள்ளி திறக்கிறது. குறுவட்டப் போட்டிகள் மூச்சு விடுவதற்குள் வந்துவிடும். அதைத் தாண்டினால் வருவாய் மாவட்டம், அதையும் தாண்டினால் மாநிலம். கிராஸ் கன்ட்ரிக்கான தேசியப் போட்டியோ ஜனவரி பக்கம் போய்விடுகிறது: 2024இல் பீகாரின் கயா, 2025இல் உத்தரப் பிரதேசத்தின் மீரட். நடுவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை உட்கார்ந்திருக்கிறது.

கடலூர் மாவட்டத்துக்காரருக்கு அந்த மழையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் கரையேறியது. சாத்தனூர் அணையும் திறந்துவிடப்பட, தென்பெண்ணை கரை மீறியது. இப்படிப்பட்ட வருடத்தில் நவம்பரில் பயிற்சியைத் தொடங்கலாம் என்று காத்திருந்தவருக்கு மைதானமே இருக்காது. ஜனவரியில் ஓடப்போகும் பிள்ளையின் மூச்சும் காலும் ஆனி முதல் புரட்டாசிக்குள் தயாராகிவிட வேண்டும். மழைக்காலத்தில் அதைக் கலையாமல் காப்பாற்றினால் போதும்.

இந்த நான்கு மாதத்தில் செய்ய வேண்டியவை இரண்டு: மெதுவாக நிறைய ஓட வைப்பது, வெளியூர் போய் வரப் பழக்குவது. முதலாவதைப் பலரும் அவசரப்பட்டுக் கெடுக்கிறார்கள். இரண்டாவதைப் பயிற்சியாகவே யாரும் எண்ணுவதில்லை. குறுவட்டப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கிறது, இப்போதே வேகம் காட்டாவிட்டால் தலைமையாசிரியர் என்ன சொல்வார் என்ற பதற்றம் புரிகிறது. ஜூலையில் குறுவட்டத்தில் வென்று ஆகஸ்டில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பிள்ளைகளை எல்லாப் பள்ளியிலும் பார்க்கலாம். அந்தப் பதற்றத்தின் விலை அதுதான்.

யாரைச் சேர்ப்பது

நூறு மீட்டரில் முதலாவதாக வருபவனை விட்டுவிடுங்கள். அவனைத் தேடி வேறு ஆள் வருவார். கபடிக்கும் வாலிபாலுக்கும் இந்தப் பக்கத்தில் இழுப்பு அதிகம். கபடி ஆசிரியரோடு மல்லுக்கு நிற்காமல், எடை பத்தவில்லை என்று அவர் திருப்பி அனுப்பும் ஒல்லிப் பையன்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பஸ் இல்லாத ஊரிலிருந்து தினமும் சைக்கிளில் வருகிற பெண், விடுமுறையில் ஆடு மேய்க்கப் போகிறவன், எந்தப் போட்டியிலும் பேர் கொடுக்காமல் ஓரமாக நிற்கும் பிள்ளை ஆகியோரில்தான் நெடுந்தூர ஓட்டக்காரர் இருப்பார். பி.டி. பீரியடில் இருபது நிமிடம் நிற்காமல் ஓடச் சொல்லிப் பாருங்கள். முதலில் வருவது யார் என்பதைக் குறிக்காதீர்கள். நின்ற பிறகு யார் சீக்கிரம் இயல்பாகப் பேசத் தொடங்குகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள்.

தேசியப் போட்டியில் தூரங்கள் இவை: 16 வயதுக்குட்பட்டோருக்கு 2 கி.மீ.; 18 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு 6, பெண்களுக்கு 4; 20 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு 8, பெண்களுக்கு 6. பள்ளிப் போட்டிகளில் வயதுப் பிரிவு 14, 17, 19 என்று வேறாக இருப்பதால், ஒரே பிள்ளைக்கு இரண்டு கணக்கையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

கிராஸ் கன்ட்ரியில் அணிக்கு எப்படிப் புள்ளி போடுகிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு முதல் வாரமே கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். உலகப் போட்டியில் ஜூனியர் அணிக்கு ஆறு பேர். அவர்களில் முன்னால் வரும் நால்வரின் இடங்களைக் கூட்டுவார்கள். குறைந்த தொகைக்கு வெற்றி. ஓர் அணியில் 1, 12, 30, 58 என்று வந்தால் 101. இன்னோர் அணியில் யாருமே முதல் எட்டு இடத்துக்குள் வராமல் 9, 14, 17, 20 என்று வந்தால் 60. இரண்டாவது அணிதான் ஜெயிக்கும். ஆகவே உங்கள் அணியின் விதியைத் தீர்மானிப்பது நான்காவது பிள்ளை. நட்சத்திரத்தின் பின்னால் ஓடுவதில் ஆசிரியரின் நேரமெல்லாம் கரைந்துபோகும். அந்த நேரத்தில் பாதியை நான்காவது, ஐந்தாவது பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

ஜூனிலேயே முடிக்க வேண்டிய காகித வேலை ஒன்று உண்டு. பிறப்புச் சான்றிதழ், ஆதார், எமிஸ் பள்ளிப் பதிவு மூன்றிலும் பெயரும் இன்ஷியலும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றில் ‘கார்த்திகேயன்’, இன்னொன்றில் ‘கார்த்திக்’ என்று இருந்தால் போட்டி நாளன்று காலை மேசைக்கு எதிரே நின்று அழ வேண்டியதுதான். திருத்த விண்ணப்பித்தால் நாளாகும்.

முதல் எட்டு வாரம்

ஸ்டாப்வாட்சை மேசை டிராயரில் பூட்டிவையுங்கள். எட்டு வாரத்துக்கு ஓட்டத்தின் அளவு நிமிடம்தான். கிலோமீட்டரும் வேண்டாம், ஒரு சுற்றுக்கு இத்தனை நொடி என்பதும் வேண்டாம். முதல் வாரம் ஐந்து நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி இருபது நிமிடம். வாரத்தில் நான்கு நாள் போதும். நான்காவது வாரத்தில் நடையில்லாமல் இருபத்தைந்து நிமிடம், எட்டாவது வாரத்தில் ஒரு நாள் மட்டும் நாற்பத்தைந்து நிமிடம். பதினான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கு முப்பதோடு நிறுத்திவிட்டு மீதி நேரத்துக்குக் கோ-கோவோ ஓடிப்பிடித்தலோ விளையாட விடுங்கள்.

வேகத்துக்கு ஒரே விதி, பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். நேற்று பார்த்த படத்தின் கதையை முழு வாக்கியமாகப் பக்கத்துப் பையனிடம் சொல்ல முடிந்தால் வேகம் சரி. ‘ம்’, ‘ஆமா’ என்று சுருங்கிவிட்டால் அதிகம். இந்த விதியைப் பையன்கள்தான் மீறுவார்கள். ஒருவன் அரையடி முன்னால் போனால் அடுத்தவனுக்குப் பொறுக்காது. நானாக இருந்தால் வேகமாக ஓடுகிறவனை எல்லோருக்கும் பின்னால் ஓடவிடுவேன், முன்னால் போனால் தண்ணீர்க் குடம் தூக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு.

இதில் நம்மூர்ப் பிள்ளைக்கும் பனிநாட்டு வீரருக்கும் வித்தியாசம் இல்லை. நார்வேயில் கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கு வீரர்கள் கோடையில் பனியில்லாத தார்ச்சாலையில் சக்கரம் வைத்த ஸ்கீயில் பயிற்சி செய்கிறார்கள். அவர்களுடைய பயிற்சி நேரத்தின் மிகப் பெரும்பகுதி பேசிக்கொண்டே செய்யக்கூடிய மெதுவான வேகத்தில்தான் கழிகிறது. போட்டி வேகம் வாரத்துக்கு ஓரிரு முறைதான். பனி விழாத குடகிலிருந்து வந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா குல்மார்க்கில் நடந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டில் இதே ஸ்கீ ஓட்டத்தில் தங்கம் வாங்கியிருக்கிறார். சொந்த ஊரில் இல்லாத மைதானத்துக்கு இருக்கும் மைதானத்தில் தயாராக முடியும் என்பதற்கு அவரை உதாரணமாகச் சொல்லலாம்.

இன்னும் பக்கத்தில் உதாரணம் வேண்டுமென்றால் புதுக்கோட்டை. 2016இல் கவுஹாத்தி தெற்காசிய விளையாட்டில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற எல். சூரியாவும், 2017இல் புவனேஸ்வர் ஆசிய சாம்பியன்ஷிப்பில் அதே இரண்டிலும் தங்கம் வென்ற ஜி. லட்சுமணனும் அந்த மாவட்டத்துக்காரர்கள். லட்சுமணன் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னொரு செய்தி இருக்கிறது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் அவர் மூன்றாவதாக வந்தார். ஓடும்போது கால் தடத்தின் உள்கோட்டைத் தாண்டிப் பட்டதால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார், வெண்கலம் போய்விட்டது. எனவே முதல் வாரத்திலிருந்தே திருப்பங்களில் குச்சி நட்டு, துணி கட்டி, அதன் வெளிப்பக்கமாகவே ஓடப் பழக்குங்கள். குறுக்கே வெட்டுகிற பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு போகாது.

வெயிலுக்கு உடம்பு பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். ஜூனிலும் 38, 39 டிகிரி தொடும் நாட்கள் இந்தப் பக்கம் உண்டு. கடற்காற்று பிற்பகலில் நெல்லிக்குப்பம் வரை வரும், நாளுக்கு நாள் அதன் நேரம் மாறும். அதை நம்பி நான்கு மணிக்கு ஓட்டம் வைக்காதீர்கள். காலை ஐந்தரையிலிருந்து ஆறரைதான் பாதுகாப்பான நேரம். ஒரு பிள்ளை தள்ளாடினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, வாந்தி எடுத்தாலோ ஓட்டம் அன்றைக்கு முடிந்தது. நிழலில் படுக்கவைத்துக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி போட்டு விசிறுங்கள், 108ஐக் கூப்பிடுங்கள். நினைவு தெளிவில்லாத பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

எங்கே ஓடுவது

சிந்தெடிக் தடம் இல்லை என்று புலம்புவது கிராஸ் கன்ட்ரிக்குப் பொருந்தாது. இந்தப் போட்டியே மேடுபள்ளத்துக்கானது. அந்த வகையில் இந்த ஒன்றியத்துக்கு நல்ல வசதி.

பண்ருட்டிக்குத் தெற்கே போகப் போகச் செம்மண்ணும் முந்திரித் தோப்பும். அறுவடை முடிந்து ஜூனில் தோப்புக்குள் ஆள் நடமாட்டம் குறைந்திருக்கும். தோப்புக்காரரிடம் நேரில் போய்க் கேளுங்கள். மரத்தடியில் எதையும் தொடமாட்டோம் என்று நீங்கள் உறுதி சொன்னால் பெரும்பாலும் சரி என்பார். முந்திரிக் கிளை தாழ்ந்து வளைந்து நெஞ்சு உயரத்தில் நிற்கும். வேகமாக ஓடவே முடியாது, அதனால்தான் இந்தக் காலத்துக்கு அது பொருத்தம். குனிந்து, விலகி, வேரைத் தாண்டி ஓடுகையில் கணுக்கால் தானாக வலுப்படும். இறக்கம் ஏற்றம் வேண்டுமென்றால் கடலூர் கேப்பர் மலை. பெயர்தான் மலை, உயரம் சொற்பம். நம் சமவெளிப் பிள்ளைகளுக்கு அந்தச் சரிவே ஒரு பாடம். ஏறும்போது எட்டைக் குறுக்கி, கையை வீசி, பார்வையைப் பத்தடி முன்னால் வைக்கச் சொல்லுங்கள். இறக்கத்தில் பின்னால் சாய்ந்து குதிகாலை ஊன்றித் தட்தட்டென்று இறங்குவார்கள். முழங்கால் கெடுவது அங்கேதான். சற்றே முன்சாய்ந்து குட்டி எட்டாக இறங்கப் பழக்குங்கள்.

தென்பெண்ணையும் கெடிலமும் ஜூனில் பெரும்பாலும் மணலாகவே கிடக்கும். மணலில் ஓடுவது கெண்டைக்காலுக்கு நல்ல உழைப்பு, பத்து நிமிடத்துக்கு மேல் முதல் மாதம் வேண்டாம். ஆனால் ஆற்றுக்குள் இறங்குவதற்கு முன் நீங்கள் தனியாகப் போய் அந்தத் தடம் முழுவதும் ஒருமுறை நடந்து பாருங்கள். மணல் அள்ளிய குழியில் தண்ணீர் நின்றால் ஆழம் வெளியே தெரியாது. 2022 ஜூனில் நெல்லிக்குப்பம் அருகே குச்சிப்பாளையத்தில் கெடிலம் தடுப்பணையில் குளிக்க இறங்கிய ஏழு பேர், சிறுமிகளும் இளம்பெண்களும், மூழ்கி இறந்தார்கள். இந்த ஒன்றியத்தில் அதை மறந்தவர் யாரும் இல்லை. ஓடி முடித்து வியர்வையோடு தண்ணீரைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு இறங்கத் தோன்றும். ஆற்றிலும் சரி, கடலிலும் சரி, பயிற்சி நாளில் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கினால் அணியில் இடமில்லை என்பதை விதியாகவே வையுங்கள். இதில் தயவு தாட்சண்யம் கூடாது.

மாதம் ஒருமுறை தேவனாம்பட்டினம் சில்வர் பீச். அலை நனைத்துவிட்டுப் போன ஈரமணல்தான் ஓடுமிடம். அது கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே பக்கமாக ஓடினால் கடற்பக்கத்துக் கால் தாழ்ந்து இடுப்பு ஒருபக்கம் இழுக்கும். பத்து நிமிடம் வடக்கே ஓடினால் அதே பத்து நிமிடம் தெற்கே திரும்பி வர வேண்டும். வெறுங்காலில் ஓடுகிறவர்களின் பாதத்தை முடிந்ததும் ஒவ்வொருவராகப் பாருங்கள். பெருவிரலுக்கு அடியில், பாதத்தின் முன்மேட்டில் தோல் பளபளவென்று சிவந்து தொட்டால் சூடாக இருந்தால் அடுத்த ஓட்டத்தில் அங்கே கொப்புளம் வரும். உடனே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, பிளாஸ்டர் ஒட்டி, இரண்டு நாள் செம்மண்ணில் மட்டும் ஓடவிடுங்கள். கொப்புளம் வந்துவிட்டால் தோலைக் கிழிக்காதீர்கள். தோப்பில் சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும் உண்டு. முள்வாங்கியும் டெட்டாலும் உங்கள் பையில் இருக்கட்டும்.

சாலையில் ஓட வேண்டி வந்தால் எதிரே வரும் வண்டி தெரியும்படி வலது ஓரமாக, ஒருவர்பின் ஒருவராக. நெல்லிக்குப்பம் ஆலையில் அரைவை நடக்கும் மாதங்களில் கரும்பு டிராக்டர்கள் விளக்கில்லாமல் வரும். அந்தச் சாலைகளை விடியலில் தவிர்த்துவிடுங்கள்.

சாப்பாடும் வலியும்

நீண்ட பட்டியல் தேவையில்லை. விடியற்காலை ஓட்டத்துக்கு முன் வாழைப்பழம் ஒன்று, இல்லாவிட்டால் அரை டம்ளர் கஞ்சி. முடிந்ததும் பழையசோறும் மோரும், அல்லது கம்பங்கூழ். கூடவே வேகவைத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி. மதியம் சத்துணவில் முட்டையை ஒதுக்குகிற பிள்ளை யார் என்று பாருங்கள், காரணம் கேளுங்கள். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சத்துணவு இல்லை என்பதால் அவர்களில் சிலர் மதியம் ஒரு சமோசாவோடு ஓட்டிவிடுவார்கள். ஆனி, ஆடி பண்ருட்டியில் பலாக் காலம். பலாச்சுளையைத் தின்றுவிட்டு ஓட வந்தால் வயிறு என்ன பாடுபடும் என்பது ஒருமுறை பட்டால் அவர்களுக்கே தெரியும். ஓட்டம் முடிந்த பிறகு தின்னட்டும், எவ்வளவு வேண்டுமானாலும்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லாத நாளில் ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, அளவைக் கூட்டாதீர்கள். உடம்பு தேற, வேகம் கூட என்று யாராவது பவுடரோ மாத்திரையோ கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்பது லேபிளில் இருக்காது. ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டுவது பிள்ளைதான்.

மாணவிகளில் எப்போதும் களைப்பாக இருக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று முடிவு கட்டாதீர்கள். இரத்தசோகை இருக்கலாம். வாரம் ஒரு நாள் பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிடுகிறாளா, வயிற்றைப் புரட்டுகிறது என்று ஜன்னல் வழியே வீசுகிறாளா என்பதை ஆசிரியை ஒருவர் பக்குவமாக விசாரிக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடலாம். மாதவிலக்கு நாட்களில் ஓடுவதா வேண்டாமா என்பதை அந்தப் பெண்ணே சொல்லட்டும். காரணம் கேட்காமல் ஓய்வு கொடுக்கும் ஒரு சைகையை அணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினொன்று முதல் பதினைந்து வயதுக்குள் வேகமாக வளரும் பிள்ளைக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்துக்கொண்டு வலிக்கலாம். பயப்பட வேண்டியதில்லை, ஆனால் வலியோடு ஓடவிடக் கூடாது. குதிப்பதையும் மணலையும் நிறுத்திச் சைக்கிள் மிதிக்க விடுங்கள். வலி குறையவில்லையென்றால் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

முதல் பயணம்: சிதம்பரம்

அணியை முதன்முதலாக ரயில் ஏற்றும் நாள் மாநிலப் போட்டி நாளாக இருக்கக் கூடாது. தூங்காமல், சாப்பிடாமல், கழிப்பறை போகத் தயங்கித் தண்ணீரே குடிக்காமல் போய் இறங்குகிற பிள்ளை அங்கே தோற்பதற்குப் பயிற்சி காரணமாகாது. ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை சிதம்பரத்துக்குப் போய் வாருங்கள்.

பண்ருட்டி, மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம் மூன்றும் விழுப்புரம்–மயிலாடுதுறை பாதையில் இருப்பது பெரிய வசதி. திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று அந்தப் பாதை நேராகச் சிதம்பரம் போகிறது. பாசஞ்சர் ரயிலில் போங்கள். அது எல்லா ஸ்டேஷனிலும் நிற்பதே பாடம். எந்தப் பக்கம் பிளாட்பாரம் வரும், எத்தனை நிமிடம் நிற்கும், யார் கடைசியாக இறங்க வேண்டும் என்பதெல்லாம் பழகும். பிள்ளைகளுக்கு எண் கொடுங்கள். ஏறினதும் ஒன்றிலிருந்து உரக்கச் சொல்ல வேண்டும், இறங்கினதும் அப்படியே. ஆசிரியர் தலைகளை எண்ணிக்கொண்டிருப்பதைவிட இது விரைவு. ஒருவர் முதலில் இறங்கிக் கதவருகே நிற்க, இன்னொருவர் பெட்டி முழுக்கப் பார்த்துவிட்டுக் கடைசியாக இறங்குவது என்று இரண்டு பெரியவர்களுக்கும் வேலை பிரித்துக்கொள்ளுங்கள்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரம் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில்தான். 1929இல் தொடங்கிய அந்த வளாகத்தில் உடற்கல்வித் துறை இருக்கிறது. நம் மாவட்டத்து உடற்கல்வி ஆசிரியர்கள் பலர் அங்கே படித்தவர்கள். மைதானத்தைப் பயன்படுத்த முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி வாங்கிவிட்டுப் போங்கள், பழைய ஆசிரியரைத் தெரியும் என்பதை மட்டும் நம்பி வாசலில் போய் நிற்காதீர்கள். அரைமணி நேரம் தெரியாத இடத்தில் ஓடுவது, தெரியாத குழாயில் முகம் கழுவுவது, பொட்டலச் சோற்றைச் சிந்தாமல் தின்பது, கூட்டத்தில் தொலைந்தால் எந்த இடத்தில் வந்து நிற்பது என்பவைதான் அன்றைய பயிற்சி. நடராஜர் கோயிலுக்குக் கூட்டிப்போவது உங்கள் விருப்பம். கூட்டிப்போனால் எண்ணிக்கை விதி கீழச் சன்னதியிலும் உண்டு.

கடலூர் வரைக்கும் பஸ்ஸிலேயே போகலாம். மாணவிகளுக்கும் கூட வரும் தாய்மார்களுக்கும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் கட்டணம் இல்லை. பையன்களுக்குச் சீருடையும் பாஸும் இருந்தால் பள்ளி நாளில் சமாளிக்கலாம், ஞாயிற்றுக்கிழமை சில்வர் பீச்சுக்குப் போக டிக்கெட் எடுத்துத்தான் ஆக வேண்டும். அந்தச் செலவை முன்பே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டில் கேட்கப்போகும் கேள்வி

“ஆம்பளப் புள்ளன்னா பரவால்ல சார், எங்கனா போய்ட்டு வரட்டும். பொண்ண ராத்திரி ரயிலுல எப்படி சார் அனுப்பறது?”

ஏதாவது ஒரு வீட்டில் இது வரும். வந்தே ஆக வேண்டும்; கேட்காத வீட்டைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். சம்மதக் கடிதத்தை மாணவியிடம் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்கிவரச் சொல்வது இதற்குப் பதில் ஆகாது. நேரில் போங்கள், மாலை ஆறு மணிக்குமேல், அப்பாவும் வேலையிலிருந்து வந்திருப்பார். கூட வரும் ஆசிரியையையும் அழைத்துப்போங்கள். எந்த ரயில், எந்தப் பெட்டி, இரவு எங்கே தங்கல், அறைக்கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, காலையில் யார் எழுப்புவார்கள், எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போன் வரும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். “அம்மா, ஒங்களுக்கு முடிஞ்சா நீங்களும் வாங்க” என்று கூப்பிடுங்கள். முதல் சிதம்பரப் பயணத்துக்கு ஒரு தாய் வந்துவிட்டால் போதும். அடுத்த பயணத்துக்கு மற்ற வீடுகளில் அவரே பேசிவிடுவார்.

சொன்ன நேரத்துக்கு ஆசிரியை போன் பண்ணவில்லை என்றால் அந்த வீட்டில் அடுத்த வருடம் கதவு திறக்காது. மாணவிகள் இருக்கும் எந்தப் பயணமும் ஆசிரியை இல்லாமல் கிளம்பக் கூடாது. கடைசி நிமிடத்தில் அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் பயணத்தைத்தான் ரத்து செய்ய வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, ரயில்வே 139 இரண்டையும் எல்லாப் பிள்ளைகளின் நோட்டிலும் எழுதவையுங்கள்.

தூரப் பயணத்துக்கு இப்போதே செய்ய வேண்டியவை

ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். முன்பிருந்த 120 நாள் 2024 நவம்பரோடு போய்விட்டது. கவுன்டரில் ஒரு படிவத்துக்கு ஆறு பேர். தத்கலில் ஒரு டிக்கெட்டுக்கு நான்கு பேர்தான், அதுவும் முந்தின நாள் காலையில். பதினான்கு பேர் அணியைத் தத்கலை நம்பி அழைத்துப்போவது சூதாட்டம். போட்டித் தேதி உறுதியானதும் முதல் வேலை டிக்கெட். சென்னைக்கு என்றால் எழும்பூரில் இறங்கி நேரு ஸ்டேடியத்துக்கு நடந்தே போய்விடலாம்; ஆட்டோவில் பிரிந்து ஏறி ஒருவரையொருவர் தேடுவதைவிட அது மேல்.

ஸ்பைக்ஸ் வாங்குகிறவர்கள் ஆகஸ்டிலேயே வாங்கி, செப்டம்பரில் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் போட்டு ஓடட்டும். போட்டியன்று புதுச் செருப்புக் கடி வேண்டாம். சிந்தெடிக் தடத்தில் ஆணி 9 மி.மீட்டருக்கு மேல் கூடாது. கிராஸ் கன்ட்ரித் தடம் சேறாக இருந்தால் நீள ஆணி உதவும், ஆகவே இரண்டு செட் ஆணியும் திருகும் சாவியும் பயிற்சியாளர் பையில் இருக்க வேண்டும். காசில்லாத பிள்ளை சாதாரணக் கேன்வாஸில் ஓடட்டும். ஸ்பைக்ஸ் இல்லாததற்காக யாரையும் அணியிலிருந்து கழிக்காதீர்கள்.

கயா, மீரட் போன்ற ஊர்களில் ஜனவரிக் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே போகும். நம் பிள்ளைகளிடம் ஸ்வெட்டர் இருக்காது, அதை டிசம்பரில் தேடினால் கிடைக்கிற விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். ஊரில் உதவ நினைப்பவர்கள் கோப்பை, கேடயம் தருகிறேன் என்றுதான் முன்வருவார்கள். அதற்குப் பதிலாகப் பத்து ஸ்வெட்டரும் பத்துக் கம்பளித் தொப்பியும் கேளுங்கள். போட்டி பொங்கலை ஒட்டி வரலாம், வீட்டில் இதையும் இப்போதே சொல்லிவையுங்கள்; கரும்பும் பொங்கலும் விட்டுவிட்டு ரயில் ஏறுவது சின்ன விஷயம் இல்லை. வடக்கே அந்த மாதம் மூடுபனியில் ரயில் பல மணி நேரம் தாமதமாவது சாதாரணம். இணைப்பு ரயில் பிடிப்பதற்கு இடையில் அரை நாளாவது விட்டு டிக்கெட் போடுங்கள். இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கான காசைத் தனிக் கவரில் போட்டு ஆசிரியையிடம் கொடுத்துவிடுங்கள். அந்தக் கவரைத் தாமதத்துக்கு மட்டுமே பிரிக்க வேண்டும். மிஞ்சினால் ஊர் திரும்பியதும் பில்களோடு சேர்த்துக் கணக்கில் வையுங்கள்.